வருகைப் பதிவு

வீட்டில் நான்தான் டீச்சர்.
வருகைப் பதிவு கிடையாது,
சோறு வெந்தால் கணக்குப் பாடம் முடியும்.

டோங்காட் கரும்புக்காட்டோரம்
பழைய லைன் வீடுகளைத் திரும்பக் கட்டி
ஆளுக்கு நாற்பது ராண்ட் வாங்குகிறார்கள்.
சர்தார் வேடத்தில் ஒரு பையன்,
ஒட்டுமீசை ஒருபக்கம் கழன்றிருக்க,
கையில் கையில் தகரவில்லை திணித்து
பேரேட்டைப் பார்த்துக் கூப்பிட்டான்:
"எண்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினாறு!"

லோஷினிக்கு ஒன்பது வயது.
கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லவேண்டும் என்று
நான் சொல்லித்தந்ததே இல்லை.
"என் பேர் அது இல்லையே" என்றாள்.

பையன் ஏட்டைப் புரட்டினான்.
அவன் மனப்பாடம் செய்ததில் இதற்குப் பதில் இல்லை.
மீசையை அழுத்திக்கொண்டு
அடுத்த எண்ணுக்குப் போனான்.

காரில் ஏறியபின் பார்க்கிறேன்,
வில்லையைத் திருப்பித் தரவில்லை அவள்.
காம்பஸ் முனையால் அதன் முதுகில்
யார் பெயரையோ கீறுகிறாள்.
இடம் போதவில்லை.