ஓரா முள்

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."
பதினோரு வருசமாக இதையே சொல்லி வந்தேன்.
பாம்பன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறைக்கு
ஒரே ஜன்னல். அதில் பாதி கடல்,
பாதி நிறுத்திவைத்த ஆம்புலன்ஸ்.

சின்னப்பாலத்து நம்புச்செல்விக்கு ஏழு வயது.
டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
தினம் ஒரு குழாய் ரத்தம் வேண்டும்.
முதல் நாள் ஒருவர் தோளை அமுக்க
ஒருவர் காலைப் பிடிக்க
மேசையில் மல்லாத்திப் போட்டு எடுத்தோம்.
நரம்பு நழுவியது. மறுபடி குத்தினேன்.
எல்லாம் முடிந்தபின்
பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டாள்:
"எறும்புன்னீங்க.
இது ஓரா முள்ளுல்ல?"

ஓரா குத்தியவர்களுக்குத் தெரியும்.
விரலில் ஏறினால் தோள்வரை கடுக்கும்.
சுடுதண்ணீரில் கையை விட்டபடி
விசைப்படகு ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
ஊசி அவ்வளவு இல்லை பாப்பா என்று
வாதாட வாயெடுத்தேன்.
வலித்தது அவள் கை.
வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து
இழுத்து வந்தார்கள்.
அவள் அம்மா முத்துராக்கு
பாசி எடுத்த கையோடு கரையிலிருந்து நேரே வந்திருந்தாள்;
விரல்சுற்றுத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை,
ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னைய மொதமொத பாறைக்குக் கூட்டிப் போனப்ப
வலிக்காதுன்னு ஒருத்தியும் சொல்லல.
அறுக்கும்டின்னாக.
சொல்லிட்டு, விரல்ல துணியச் சுத்திவிட்டாக."
அவ்வளவுதான் பேசினாள்.
பிறகு பெஞ்சில் உட்கார்ந்து
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணினாள்.

அலமாரியில் மரத்துப்போக வைக்கும் களிம்பு ஒன்று இருந்தது.
போன வருசப் பயிற்சியில் கொடுத்தது.
தடவினால் ஒரு மணி நேரம் காக்க வேண்டும்,
வாசலில் எப்போதும் நாற்பது டோக்கன்,
அதனால் மூடியே திறக்கவில்லை.
கெடுதேதிக்கு இன்னும் இரண்டு மாதம்.

"எந்தக் கை?" என்றேன்.
யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி போல.
என்னையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"இடது."
பட்டாணி அளவு வைத்து
மேலே கண்ணாடித்தாள் ஒட்டினேன்.
பத்து மணிக்கு ரிசல்ட் கேட்ட டாக்டரிடம்
பத்தரை என்றேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

"வலிக்குமா?"
"கொஞ்சம். அழுத்துற மாதிரி."
"எம்புட்டு நேரம்?"
"அம்மா முங்கி எந்திரிச்சதும் ஒரு மூச்சு விடுவாங்கள்ல,
அம்புட்டு நேரம்."

மேசை வேண்டாம் என்று
அம்மா மடியில் உட்காரவைத்தோம்.
யாரும் அமுக்கவில்லை.
வலது கையால்
அம்மாவின் ஆள்காட்டி விரல் துணியை
அவிழ்க்கத் தொடங்கினாள்.
உப்பில் இறுகிய முடிச்சு, லேசில் வரவில்லை.
"ஊது" என்றேன்.
உதட்டைக் குவித்து நீளமாக ஊதினாள்.
கூடவே முத்துராக்குவும் ஊதினாள்,
ஆழத்திலிருந்து வருகிறவர்களின் சீழ்க்கை.
அந்த மூச்சு முடிவதற்குள்
குழாயில் கரும்சிவப்பு ஏறிவிட்டது.

"வலிச்சுச்சா?"
யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள்.
"நண்டுக்குஞ்சு" என்றாள்.

அடுத்த நாள் எறால் கொம்பு.
அதற்கடுத்த நாள் எனக்குக் கை நடுங்கியது,
கெழுத்தி என்று சொல்லிவிட்டாள்.
மறுக்கவில்லை, மன்னிப்புக் கேட்டேன்.
ஐந்தாம் நாள் அணுக்கள் ஏறின,
அவள் வரவில்லை.

களிம்பு ஆறு கேட்டு எழுதினேன்.
இருப்பு இல்லை என்று திரும்பி வந்தது தாள்.
இருந்த ஒன்றை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப்
பிதுக்கியாகிவிட்டது.
இன்று தங்கச்சிமடத்துப் பையனுக்கு
ஐஸ்தான், கவரில் கட்டி, துண்டில் சுற்றி.
பழக்கதோஷம், "எறு" வரைக்கும்
நாக்கில் வந்துவிட்டது.
விழுங்கிவிட்டுக் கேட்கிறேன்,
"எந்தக் கை?"

இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான்.
டோக்கன் இருபத்தேழு கதவைத் தட்டுகிறார்.
தட்டட்டும்.