வெச்சுடட்டுங்களா

கருங்கல்பாளையம் சந்தையில்
என்னை ஏமாற்றிய மாடு இதுவரை இல்லை.
ரெண்டு நேரம் கறக்காமல் போட்டு
மடி வீங்க ஓட்டி வந்ததை
காம்பைத் தொட்டதும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
உப்புத் தவிடு தின்று
குடம் குடமாய்த் தண்ணீர் குடித்த வயிற்றை,
அரத்தால் ராவிய பல்லை,
"ரெண்டாம் ஈத்துதானுங்க" என்ற அஞ்சாம் ஈத்தை
எட்ட நின்றே சொல்லிவிடுவேன்.
"துளசிமணியக்கா வருது,
மாட்டை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டுங்கடா"
என்பார்கள் தரகர்கள்.

அப்பேர்ப்பட்ட நான்
பருத்திக்கொட்டை பிசைந்த கையோடு
போனை எடுத்தேன்.

"ஏனுங்கக்கா, நல்லா இருக்கறீங்களா?
பேங்குலருந்து பேசறனுங்க.
மாட்டு லோனுக்கு மானியம் வந்து நிக்குதுங்க.
நாலு மணிக்குள்ள எடுக்கலீன்னா
திரும்பிப் போயிருமுங்க."

எத்தனை 'ங்க'!
ஒவ்வொன்றும் ஒரு கருப்பட்டித் துண்டு.
என் பேர் தெரிந்திருந்தது. ஊர் தெரிந்திருந்தது.
கணக்கின் கடைசி நாலு எண்கூடத் தெரிந்திருந்தது.
கறவை ரெண்டா மூணா என்பதுதான் தெரியவில்லை.
அதை நானே சொன்னேன்.

ஆறு எண் வந்தது மெசேஜில்.
கூடவே, நல்ல தமிழில்,
யாரிடமும் பகிர வேண்டாம் என்றும் வந்தது.
படித்தேன்.
எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தேன்.
படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

பேசிக்கொண்டிருக்கிற மனுசனை
பாதியில் அறுத்துவிட
எங்கள் பக்கம் யாருக்கும் கை வராது.
ராங் நம்பர் என்றாலும்
எந்த ஊருங்க, மழை உண்டுங்களா என்று விசாரித்து
"வெச்சுடட்டுங்களா" கேட்டு
அந்தப் பக்கம் "சரிங்க" வந்த பிறகுதான் வைப்போம்.

"இருங்கக்கா, ஒரே நிமிசம்" என்றான்.
இருந்தேன்.
செவலையை விற்ற காசு
முப்பத்தோராயிரத்து நானூறு
அந்த ஒரு நிமிசத்துக்குள் நடந்து போனது.

கடைசியில் அவன்தான் கேட்டான்:
"வெச்சுடட்டுங்களாக்கா?"
"சரிங்க" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.
தலைவலி என்று சொல்லிப் படுத்தேன்.
காசு போனதைவிட
வியாழக்கிழமைச் சந்தையில்
எந்த மூஞ்சியோடு பல்லைப் பிடித்துப் பார்ப்பது என்றே
விடிய விடிய ஓடியது.

காலையில் பால் சொசைட்டி.
கேனைக் கீழே வைத்தவள்
என்ன நினைத்தேனோ, சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
ரெண்டு பேர் சிரித்தார்கள்.
"சந்தையையே விக்கிற அக்காவையா?" என்றது ஒரு குரல்.
பால் அளக்கிற கிசோர் மட்டும் சிரிக்கவில்லை.
லாக்டோமீட்டரைப் பாலிலேயே மிதக்க விட்டுவிட்டு
தன் போனில் 1930 அடித்து
என் காதில் வைத்தான்.
"நேத்தே கூப்பிட்டிருக்கலாமுங்கம்மா" என்றது அந்தப் பக்கம்.
ஏழாயிரத்தை எந்தக் கணக்கிலோ
மடக்கி நிறுத்தியிருக்கிறார்களாம்.
மீதி, மீதிதான்.

வீட்டுக்காரருக்கு விசயம்
எனக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.
"தலவலின்னியே" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

வெறும் கேனோடு திரும்பும்போது
பின்னால் ஒரு டிவிஎஸ் வேகம் குறைந்தது.
குழந்தைவேல் வாத்தியார்.
கணக்குக்குப் பேர் போனவர்.
ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்:
"அது என்ன நெம்பருங்க சொன்னீங்க?
எங்க சொந்தத்துல ஒருத்தருக்குங்க."
சொன்னேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
எந்தச் சொந்தம் என்று நான் கேட்கவில்லை.

நேற்று மறுபடி மணி அடித்தது.
"ஏனுங்கக்கா, கரண்ட் ஆபீசுங்க,
இன்னைக்கு ராத்திரி உங்க லைனைக் கட் பண்ணப் போறமுங்..."

கட்டை விரல் நடுங்கியது.
கெட்ட வார்த்தை பேசிவிட்டாற்போல
முகமெல்லாம் சூடு.

'ங்' என் காதிலேயே நின்றுவிட்டது.
'க' அவனிடம் இருக்கட்டும்.