பொருத்தம்

கௌவோலாவில் ஜனவரி. நான்கு மணிக்கே இருட்டு.
பூட்ஸ் பனியை என் மிதியடியில் உதறிக்கொண்டு
இருவர் கடைக்குள் வந்தார்கள்.
முன்னால் துவோவி. பின்னால் அவுலிஸ்,
கக்கத்தில் ஒரு செருப்புப் பெட்டி.

"இரண்டு பேருக்கும் ஒரே ரிமோட். எது நல்லது?"

எது நல்லது என்பவர்களிடம்
எதற்கு என்று கேட்பேன்.
இருபத்தொரு வருடமாக என் வியாபாரம் அந்த ஒற்றைக் கேள்விதான்.

செப்டம்பரில் கல்யாணமாம்.
துவோவிக்கு ஐம்பத்தெட்டு, அவுலிஸுக்கு அறுபத்து மூன்று.
இரண்டு காப்பி மெஷினில் ஒன்றை விற்றாயிற்று.
எந்தக் கட்டில் என்பதும் முடிவாயிற்று.
மேசைகளையும் ஒட்டிவிட்டார்கள்:
துவோவியின் துறைமுகம், அவுலிஸின் சுரங்கம்,
நடுவே ஒட்டுப்பலகையில் புதிதாய் ஒரு பாலம்.

ரயில்தான் பாலத்தைத் தாண்டவில்லை.

துவோவியின் இஞ்சின்களுக்குள் சில்லு இருக்கிறது.
எண் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும்.
அவுலிஸுடையவை எண் அறியாதவை.
கரண்ட் வந்தால் ஓடும், கூடினால் விரையும்,
போனால் நிற்கும்; வேறு சமாசாரம் தெரியாது.
அதை இதன் தண்டவாளத்தில் வைத்தால்
காதோரக் கொசுபோல் ரீங்கரிக்கும்,
பிறகு சுடும்.

"வைத்துப் பார்த்தோம்" என்றார் அவுலிஸ்,
பெட்டியைத் திறக்காமல்.

கண்ணாடிக்குக் கீழே ஏழு ரிமோட்டுகள்.
"இது பொருந்துமா?"
பிளக் பொருந்தும். க்ளிக் என்று உட்காரும்,
ஆறு பித்தளைப் பற்களும் அந்தப் பொந்துக்கென்றே பிறந்ததுபோல.
ஆனால் இது பேசுவது ஒன்று,
உங்கள் வீட்டுப் பெட்டி கேட்பது வேறொன்று.
உட்கார்ந்துவிட்டதாலேயே
பத்துப் பொருத்தமும் சரி என்று நம்பியவர்கள்
திருப்பிக் கொண்டுவந்தவை அதோ, மேல் அலமாரியில்.

கைப்பேசியிலேயே ஓட்டலாம் என்றேன்.
அவுலிஸ் கண்ணாடித் திரையை ஒருமுறை தடவிவிட்டு
"விரலுக்கு எதுவும் சொல்லமாட்டேன் என்கிறதே" என்றார்.
துவோவிக்குச் சிரிப்பு வந்தது; ஆனாலும்
திருகு வைத்ததையே எடுத்தார்.
விலையைக் கேட்கவில்லை.

பிறகுதான் பெட்டி திறந்தது.
பச்சை இஞ்சின், ஒரு பக்கம் பெயிண்ட் உரிந்தது.
"இதற்கு மட்டும் சில்லு வையுங்கள்.
மற்றவை இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்."
கூடைக் கழற்றி எடைக்கட்டியில் ஒரு மூலையை அராவி
கம்பிகளைப் பற்றவைத்தேன்.
அவுலிஸ் விளக்கைப் பிடித்தார். கை நடுங்கியது,
அல்லது விளக்கு.

மேசைமேல் சின்ன வட்டத்தில் வைத்தேன்.
துவோவி கோட்டுப் பையிலிருந்து
தன் சிவப்பு இஞ்சினை எடுத்து எதிரே வைத்தார், துணைக்கு.

எனக்குத்தான் மறந்துபோயிற்று:
தொழிற்சாலையிலிருந்து வரும் சில்லுக்கு எண் மூன்று.
சிவப்பின் எண்ணைத் துவோவி மாற்றியதே இல்லை;
ஒற்றை இஞ்சின் ஓடும் வீட்டில் எதற்கு?

திருகைத் திருப்பினேன்.
இரண்டும் கிளம்பின,
ஒன்றையொன்று நோக்கி.

நிறுத்தியபோது நடுவே ஒரு தீக்குச்சிப் பெட்டிக்குத்தான் இடம்.

"ஒன்றின் எண்ணை மாற்ற வேண்டும்" என்றேன்.
"யாருடையதை?"

பனி ஜன்னலில் சரிகிறது.
ஐந்தரைக்குக் கடை அடைக்க வேண்டும்.
இன்னும் பதில் வரவில்லை.