ஒன்றரைப் புள்ளி

வெளியே மைனஸ் ஐம்பத்தொன்று.
"இந்தக் குளிர் போதாது" என்று
கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான் எர்ச்சிமென்.
யாகுத்தியாவில் இப்படிச் சொன்ன முதல் ஆள்
இவனாகத்தான் இருக்க வேண்டும்.

கம்பளித் துணிக்குள் ஒரு கத்தி.
லாரி பேரிங்கின் வளையத்தை நிமிர்த்தி அடித்தது.
ஒரு மணி நேரத்துக்கு முன்
செக்கச் சிவந்து எண்ணெயில் விழுந்தது.
அதன் ஜோடியைத் தன் வீட்டுக் கூரையில் வைத்திருக்கிறான்,
ஊர்க்குளிர் என்ன செய்கிறதென்று பார்க்க.
"சீக்கிரம், சைய்யினா. ஆறப்போட்டால் அடம்பிடிக்கும்."

என் வேலை குதிரை விந்தைக் காப்பது.
அலுமினியக் குடுவை, உள்ளே திரவ நைட்ரஜன்,
அதற்குள் மெல்லிய குழல்களில்
எப்போதோ செத்த பொலிக்குதிரையின்
பிறக்காத குட்டிகள்.
ஏட்டில் எழுதுகிறேன்:
ஆவியான இழப்பு, மூன்று லிட்டர்.
வாளியில் ஊற்றுகிறேன்.

போன தடவை அவசரப்பட்டான்.
டிங்.
அலகின் குறுக்கே ஒரு மயிர்க்கோடு.
பேசாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

இன்று முதலில் புகையில் பிடிக்கிறான்,
பிறகு விரல் விரலாக இறக்குகிறான்.
எஃகுக்குள் நூற்றில் பன்னிரண்டு பங்கு
இன்னும் உலையில் இருப்பதாகவே
நினைத்துக்கொண்டிருக்கிறதாம்,
மெத்தென்று, பழைய அடுக்கிலேயே.
நெருப்பு அணைந்த சேதியை
யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

குளிரில் எல்லாம் சுருங்கும் என்று படித்தவள் நான்.
மாறுகிற இடத்தில் இது
ஒரு துளி பெருக்கிறதாம்.
பக்கத்துக் குடுவையில் அதே குளிர்
ஓர் உயிரைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது.
இங்கே, வாளியில்,
பாதியில் நின்றதை முடித்துக் கொடுக்கிறது.
இரண்டுக்கும் ஒரே லாரியில்தான் வருகிறது நைட்ரஜன்.

மறுநாள் இரண்டு கத்திகளும்
என் சமையல் அடுப்பில், நூற்றெண்பதில், இரண்டு மணி நேரம்.
இல்லாவிட்டால் கண்ணாடிதான், உடைந்துவிடும் என்றான்.
அன்று ரொட்டி சுடவில்லை.

கடினமானி சொன்னது:
கூரைக் கத்தி அறுபத்திரண்டு,
வாளிக் கத்தி அறுபத்து மூன்றரை.

உறைந்த மீனை நிமிர்த்தி நிறுத்திச் சீவினேன்.
இதிலும் சுருள் சுருளாக விழுந்தது,
அதிலும் விழுந்தது.
உப்பில் தொட்டு இரண்டையும் தின்றோம்.

"ஒன்றரைப் புள்ளிக்கா
மூன்று லிட்டர் பொய் எழுதினேன்?"

"ஏழாவது மீனில் கேள்."

ஆறு மீன்தான் இருந்தது.
ஏழாவது, லேனாவின் பனிக்கட்டிக்கு அடியில்
இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது.