இடது இறக்கையில் ஒரு சுருக்கம்

மூன்று மீட்டர் இறக்கை. எஞ்சின் கிடையாது.
"அப்புறம் வேகம் எங்கிருந்து வரும், வாசுகி?"
வேலிக்கு அந்தப்புறம் ரெஜி நாயுடு.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னேன்:
குன்றுக்கு முன்னால் காற்று,
குன்றின் முதுகில் காற்றில்லை.
இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச்
சுற்றுக்கு ஒரு கை அள்ளித்
திருடிக்கொண்டே வட்டமடிக்கும்.
அவர் யோசித்தார்.
பிறகு ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு
கறிவேப்பிலைப் பக்கம் போய்விட்டார்.

சாட்ஸ்வர்த்தில் எனக்கிருப்பது ஒரே கராஜ்.
ஏப்ரலிலிருந்து கார் தெருவில் நிற்கிறது.
உள்ளே அச்சுகள், நான்கு.
எண்ணூறு, ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரம்
என உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்ததில்
ரேகை அழிந்து
என் கைபேசியே என்னை யாரென்று கேட்டது.

அகலம் நூறென்றால் தடிமன் ஏழு.
எட்டு வைப்போம் என்றான் ஜுனைத்.
எட்டு பிழைக்கும், ஏழுதான் ஓடும் என்றேன்.
படகுப் பட்டறையில் இருவருக்கும் ஒரே மேசை;
அங்கே எல்லாம் விரல் தடிமன்,
கடல் மன்னிக்கும்.

கார்பன் துணியைச் சாய்வாக வெட்டினோம்.
பிசின் பிசைந்து, தடவி,
அச்சைப் பைக்குள் இட்டுக் காற்றை உறிஞ்சவிட்டோம்.
வலது இறக்கை சனிக்கிழமை,
ஒரு குறையுமில்லை,
அதில் என் முகம் தெரிந்தது, தலைமுடியில் பிசினோடு.

இடது இறக்கை ஞாயிறு.
இரவு எட்டேகாலுக்கு,
அட்டவணையில் இல்லாத மின்வெட்டு.
பம்ப் நின்றது. பை மெல்ல உப்பியது.
பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு தெருவுக்கு ஓடி
கார் பேட்டரியைக் கழற்றி,
ஜுனைத் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
இன்வெர்ட்டரில் கம்பி முடுக்க
பத்தொன்பது நிமிடம்.
அடிப்பகுதியிலிருந்து நாற்பது சென்டிமீட்டரில்
வெற்றிலை நரம்பு போல ஒரு சுருக்கம்.
உள்ளே ஒரு பட்டை கூடுதலாக ஒட்டினேன்.
நான்கு கிராம்.
யாரிடமும் சொல்லவில்லை, எடையைத் தவிர.

ஆகஸ்ட். மேல்காற்று.
வான் ரீனன் கணவாய்க்கு மேலே
புல் முழுக்க ஒரே பக்கம் படுத்திருந்தது.
டயர்க் கடையில் கேட்டு வாங்கி உருக்கிய ஈயத்தை
வயிற்றில் ஏற்றினோம்.
ம்தோக்கோ யாரிடமோ இரவல் வாங்கிய
ரேடார் துப்பாக்கியைப் பிடித்தான்.
ஜுனைத் ஓடி எறிந்தான்.

முதலில் சும்மா ஒரு பருந்து போல.
பிறகு குன்றைத் தாண்டி முதுகில் இறக்கினேன்,
திரும்பி, ஏறி, காற்றில் முகம் காட்டி,
மறுபடி இறக்கி.
"இருநூற்று நாற்பது."
துணி கிழிக்கும் சத்தம்.
"முந்நூற்றுப் பத்து."
தகரம் கிழிக்கும் சத்தம்.
முழங்கால் நடுங்கியது, கட்டைவிரல் நடுங்கவில்லை.
ஒவ்வொரு சுற்றிலும் என் கண்
அந்த நாற்பதாவது சென்டிமீட்டரில்.
"நானூற்றுப் பன்னிரண்டு!" என்று ம்தோக்கோ கத்தி,
அடுத்து ஒரு ஸூலு வார்த்தை; எண் இல்லை அது.

பதினேழாவது சுற்றில் ஒரு உதறல்.
வலது இறக்கை
இருந்தது, இல்லை.
கருப்புத் துணுக்குகள் நெடுநேரம்
கீழே வர மனமில்லாமல் மிதந்தன.

முள்வேலி தாண்டி, செம்மறிகளை விலக்கி
ஒரு மணி நேரம் தேடினோம்.
மூக்கு மண்ணில் முழங்கை ஆழம்.
இடது இறக்கை மட்டும் முழுசாய், புல்மேல்.
பழக்கத்தில் குச்சியை அசைத்தேன்.
அதன் பின்விளிம்பு மேலே போனது,
கீழே வந்தது.
ஜுனைத் சிரித்தான். நானும்,
ஏனோ, இன்னொரு முறை அசைத்தேன்.

திரும்பும் வழியெல்லாம் எட்டு, ஏழு, எட்டு.
ஹோவிக் தாண்டியதும் அவன் தூங்கிவிட்டான்.

நாளை ரம்பம் எடுத்து
இடதைச் சுருக்கத்தின் மேலேயே அறுக்கப்போகிறேன்.
உடைந்தது ஏன் என்று எனக்குத் தெரியும்.
இது ஏன் உடையவில்லை?