கடைசி முழம்

ருஸ்தவி கார் சந்தை. பனி விலகாத காலை.
வெள்ளி நிறக் காரை நேற்றே மெழுகிட்டிருந்தேன்.
லாமாரா டயரை உதைக்கவில்லை,
பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை.
பின் இருக்கையில் உட்கார்ந்து
சீட் பெல்ட்டை இழுத்தாள்,
இழுத்துக்கொண்டே இருந்தாள்.
யாரும் பார்க்காத கடைசி முழத்தில்
ஒரு பழுப்புக் கோடு.
எந்த ஊர் வெள்ளமோ
அதுவரை ஏறி நின்றிருக்கிறது.

"மழையில் லேசாக நனைந்தது" என்றேன்.
அவள் கையை விட்டாள்.
பெல்ட் திரும்பிப் போகவில்லை.

மூலையில், ஒரு கதவு மட்டும் பச்சையாய்,
பழைய ஹோண்டா. பாதி விலை.
அங்கேயும் பின் இருக்கை, முழு நீளம்.
விட்டதும் சடக்கென்று உள்ளே ஓடியது.

"இரட்டைப் பிள்ளைகள், நாலு வயசு" என்றாள்,
நான் கேட்காமலே.
பணத்தை இரண்டு முறை எண்ணினாள்.

வெள்ளிக் காரோடு அதே கப்பலில் வந்ததில்தான்
இரவு வீடு திரும்பினேன்.
பெல்ட்டை
இழுத்துப் பார்க்கவில்லை.