கண்டெடுத்தவர் அழைக்கவும்

கேப்பர் மலைச் சரிவில்
குத்தகைக்காரரிடம் கேட்டு வாங்கிய முந்திரிக்காட்டில்
ஞாயிறு காலை ஆறு மணிக்கு
பதினொரு பேர் செத்துச் செத்து விளையாடுவோம்.
ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு.
பட்டால் கட்டெறும்புக் கடி, அவ்வளவுதான்.
பட்டவன் கையைத் தூக்கி
"நான் அவுட்" என்று தானே சொல்லவேண்டும்.
புதருக்குப் பின்னால் யார் பார்த்தார்கள்?
இருந்தும் சொல்லவேண்டும்.

முந்திரிச் சருகு எதையும் விழுங்கும்.
நஜ்முதீனின் மேகசின் இரண்டு,
சகாயராணியின் இடக்கையுறை,
ஒருமுறை, எப்படியென்று இன்றுவரை தெரியாது,
ஒரு ஷூ.
கிடைத்தாலும் சண்டை.
எல்லாம் ஒரே ஆப்பில் வாங்கிய ஒரே கறுப்பு.
"என்னுது."
"எங்க, உன் பேரா எழுதியிருக்கு?"

எழுதுவது என் தொழில்.
திருப்பாதிரிப்புலியூரில்
நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிறேன்.
அப்பா துணை, அம்மன் துணை வெட்டும் மிஷினில்
பதினொரு பெயர் வெட்டினேன்.
இரண்டாம் வாரமே வியர்வையில் உரிந்து
ரூபனின் "ரூ" என் முழங்காலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
பிறகு சால்டரிங் கம்பியால் சுட்டு எழுதினோம்.
பிறகு சகாயராணி
நெயில் பாலீஷ் டப்பாவோடு வந்தாள்.
ஆளுக்கொரு நிறம், இரண்டு கோடு.
கடைசியாக வந்த ரூபனுக்கு ரோஸ்தான் மிச்சம்.
ஒரு வாரம் பேசவில்லை.

காட்டுக்குத் தெரியுமா ரூபன் யாரென்று?
அதனால் பெயருக்குக் கீழே போன் நம்பர்.
நெல்லிக்குப்பம் சாலையில் ஒருநாள்
டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.
அதற்குப் பிறகு எல்லாத் துப்பாக்கியிலும்
வெள்ளை எழுத்தில் "பொம்மை".
அடுத்த முறை எஸ்.ஐ. எழுத்துக்கூட்டிப் படித்தார்.
பொம். மை.
சிரிக்கவில்லை.
ஆரஞ்சு முனையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு
போகச் சொன்னார்.

ரத்தப் பிரிவையும் போடலாம் என்றது ரூபன்.
நிஜப் பட்டாளத்தில் அப்படித்தானாம்.
எறும்புக் கடிக்கு எதற்கடா ரத்தம் என்று சிரித்துக்கொண்டே
என் பையின் மூடியில் வெட்டி ஒட்டினேன்:
ஓ நெகட்டிவ்.

அந்தப் பைதான்
ஐப்பசி மழைக்கு முந்தின ஞாயிறு தொலைந்தது.
அடுத்த மூன்று ஞாயிறும் மழை.
காடு சேறு.
விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு
தெரியாத நம்பர்.
"ஏங்க, கறுப்புப் பை ஒண்ணு உங்களுதா?"
எங்கே கிடைத்தது என்றேன்.
"அது கெடக்கட்டுங்க.
ஓ நெகட்டிவ்னு போட்டிருக்கே,
அது நெசமா,
இல்ல வெளையாட்டுக்கா?"

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி.
பிரசவ வார்டு வாசலில் ஈரச் சட்டையோடு நின்றார்.
பெயர் அஞ்சாப்புலி.
மனைவிக்கு உதிரம் நிற்கவில்லை.
ஸ்டாக் இல்லை, சொல்லியனுப்பியிருக்கிறோம் என்றார்களாம்.
கண்ணைப் பார்க்காமல் சொன்னார்:
"எடுத்து இருவது நாளாச்சு சார்.
குடுக்கணும்னு எடுக்கல.
பையன் ஸ்கூலுக்குக் கொண்டுபோறான்."
கேட்க யாரும் இல்லாத இடத்தில்
கையைத் தூக்கிவிட்டார்.

படுக்கையில் கிடந்தபடி
ஆடும் தட்டில் பை நிறைவதைப் பார்த்தேன்.
அதன் லேபிளில்
ஒரு நம்பர், தேதி, பிரிவு.
பெயருக்கு இடமே இல்லை.
பழக்கதோஷம்,
எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று
கண் அளந்தது.

நள்ளிரவுக்குமேல் நர்ஸ் வெளியே வந்து தலையசைத்தாள்.
அஞ்சாப்புலி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
சட்டைக்குள்ளிருந்து பையை எடுத்து நீட்டினார்.
மூடியில் முந்திரிப்பழக் கறை,
என் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் மங்கல்.
எட்டா, மூன்றா என்று
எத்தனை பேரை எழுப்பினாரோ.

உள்ளே அடியில் ஏதோ தட்டுப்பட்டது.
கடித்த ரப்பர் ஒன்று.
பேனாவால் அழுத்தி, "வி" தலைகீழாக:
கவிநிலவன், 1 ஆ.

போன் நம்பர் இல்லை.
அங்கேயே கொடுத்துவிட்டேன்.